அமைதிக் கூட்டத்தில் யாருக்கு நாற்காலி? கமுதி வட்டாரத்திலிருந்து சில கேள்விகள்

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஓர் அமைதிக் கூட்டம் கூடியது. கூட்டியவர் அன்றைய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் பணிக்கர். அவ்வாண்டு ஜூலையில் நடந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தலில் பார்வர்டு பிளாக் வென்றது. அதையொட்டி மூண்ட மோதல்கள் கமுதியையும் சுற்றியிருந்த சிற்றூர்களையும் இரண்டு மாதங்களாக எரித்துக்கொண்டிருந்தன. மறவர், நாடார், தேவேந்திரர் ஆகிய மூன்று சமூகங்களின் பிரதிநிதிகளும் அக்கூட்டத்துக்கு அழைக்கப்பட்டனர். தேவேந்திரர் தரப்பில் வந்தவர்களுள் ஒருவர் முப்பத்து மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த முன்னாள் இராணுவ வீரர், காங்கிரஸ் செயல்பாட்டாளர் இம்மானுவேல் சேகரன். கூட்டறிக்கை எவ்வாறு, யார் யார் பெயரில் வெளிவருவது என்பதே அங்கு ஒரு விவாதப் பொருளாயிற்று என்று பிற்காலப் பதிவுகள் கூறுகின்றன. மறுநாள் செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். ஆண்டுதோறும் செப்டம்பரில் நாம் நினைவுகூருவது அந்தக் கொலையை. ஆனால் அதற்கு முந்தைய நாள் கூட்டத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அரசே கூட்டிய உரையாடலில் ஒரு தலித் தலைவர் சமமாக அமர்ந்து பேசினார். அவ்வாறு பேசிய ஒருவரை மறுநாள் முடியும்வரைகூட உயிரோடு காக்க அந்த அரசால் இயலவில்லை. அடுத்து வந்த நாட்களில் கலவரம் பெருகியது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவர் 1959 ஜனவரியில் விடுதலை செய்யப்பட்டார். ஒரு தரப்பைக் காக்கத் தவறிய அதே அரசு மறுதரப்பின்மீது விசாரணையின்றித் துப்பாக்கியைத் திருப்பியது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும். உரையாடலைக் கூட்டும் அரசு தன்னை நடுவர் என்று கருதிக்கொண்டது. தானும் அந்தச் சிக்கலில் ஒரு தரப்பு என்பதை அது ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அமைதிக் கூட்டம் என்னும் ஏற்பாடு தென்மாவட்டங்களில் ஏறத்தாழ அதே உருவில் நீடிக்கிறது. திருவிழாவில் தகராறு, சுவரொட்டி கிழிப்பு, சிலை சேதம், பேருந்து நிறுத்தத்தில் அடிதடி என ஏதேனும் நேர்ந்தால் வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ இரு தரப்பையும் அழைப்பார். துணைக் காவல் கண்காணிப்பாளர் உடனிருப்பார். இத்தகைய கூட்டங்களுக்குச் சென்று வந்தவர்கள் சொல்வதில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அடிபட்டவரும் அடித்தவரும் ‘இரு தரப்பினர்’ ஆகிவிடுகின்றனர். ஊருக்குள் இனி எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை கேட்டால் எதிர் வழக்கும் பதிவாகும் என்பது மென்மையான குரலில் நினைவூட்டப்படுகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு இருந்த இடத்தில் இப்போது புதிய சட்டத்தின் 126-ஆம் பிரிவு இருக்கிறது. எண் மாறினாலும் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கக் காத்திருக்கும் கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் போவது மாறவில்லை. பேசப்பட்டது என்ன என்பதற்கு நடவடிக்கைக் குறிப்பின் நகல் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இதைத்தான் அரசு ஆவணங்கள் ‘சுமூகத் தீர்வு’ என்கின்றன. தீர்ந்தது அரசின் தலைவலி மட்டுமே.

சட்டம் இதைச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995-ஆம் ஆண்டின் விதிகளும் முற்றிலும் வேறான ஓர் உரையாடல் அமைப்பை வகுத்துள்ளன. விதி 16-இன்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். விதி 17-இன்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். கோட்ட அளவிலும் குழு உண்டு. அக்குழுக்களில் தலித், பழங்குடிச் சமூகத்தவரும் தன்னார்வ அமைப்புகளைச் சேர்ந்தோரும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அங்கு ஆராயப்பட வேண்டியவை தீருதவி வழங்கப்பட்டதா, வழக்கு எந்நிலையில் உள்ளது, அலுவலர்கள் தம் கடமையைச் செய்தார்களா என்பவை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, பிணை விசாரணை உட்பட வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. கடமை தவறும் அலுவலரைத் தண்டிக்க 4-ஆம் பிரிவு இருக்கிறது.

ஆக நம் மாவட்டங்களில் இரண்டு மேசைகள் உள்ளன. ஒன்றில் பாதிக்கப்பட்டவர் அரசைக் கேள்வி கேட்கலாம். மற்றொன்றில் அரசு பாதிக்கப்பட்டவரைச் சமரசத்துக்கு இணங்கச் செய்கிறது. முதல் மேசையில் என்ன நடக்கிறது என்பது ஊராருக்குத் தெரிவதே இல்லை. இரண்டாவது மேசைக்கோ ஆள் அனுப்பி அழைக்கிறார்கள்.

வன்கொடுமை வழக்குகளைத் தரப்பினரின் சமரசத்தின் பேரில் முடித்துவைக்கலாமா என்ற கேள்வியில், 2021 அக்டோபரில் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வாயிலைத் திறந்தது. அடிப்படையில் தனிப்பட்ட அல்லது உரிமையியல் தன்மை கொண்ட தகராறாக இருந்தால், சாதிக் காரணமாகச் செய்யப்பட்டதாகத் தோன்றாவிட்டால், வழக்கை இரத்து செய்யலாம் என்பது அதன் சாரம். அச்சுறுத்தலால் பெறப்பட்ட சமரசமா என்பதை நீதிமன்றம் மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. தீர்ப்பின் முதல் பாதி காவல் நிலையங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. எச்சரிக்கை சொல்லும் இரண்டாம் பாதிக்கு அவ்வளவு வேகம் இல்லை. மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கரிமூட்டத்திலும் யாரிடம் கூலிக்குப் போகிறோமோ அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய ஊரில், சுயவிருப்பமான சமரசம் என்பதை எந்த அளவுகோலால் அளப்பது?

இங்கு நாம் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியுள்ளது. வளரும் நாடுகளில் மக்களாட்சியையும் சமூக உரையாடலையும் வலுப்படுத்துவது என்பது இன்று பன்னாட்டு நிறுவனங்களின் விருப்பமான சொல்லாட்சி. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதற்கென நிதியும் வல்லுநர்களும் அனுப்பப்படுகின்றனர். கற்றுத்தரும் தோரணையில் பேசப்படும் அந்தக் கண்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு.

தென்னாப்பிரிக்காவில் 1991 செப்டம்பர் 14 அன்று தேசிய அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வெள்ளையர் அரசு, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ், இன்காத்தா, தொழிற்சங்கங்கள், திருச்சபைகள், வணிக அமைப்புகள் எனப் பலரும் ஒப்பமிட்டனர். அதன் கீழ் மண்டலக் குழுக்களும் இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைதிக் குழுக்களும் உருவாயின. நம் ஊர் அமைதிக் கூட்டத்திலிருந்து அது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. கட்சிகளுக்கு மட்டுமின்றிக் காவல்துறைக்கும் அந்த ஒப்பந்தம் நடத்தை விதிகளை வகுத்தது. வன்முறையை விசாரிக்க நீதிபதி கோல்ட்ஸ்டோன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் அரசின் சொந்த இராணுவ உளவுப் பிரிவின் இரகசிய நடவடிக்கைகளையே 1992-இல் வெளிக்கொணர்ந்தது. அரசும் விசாரணைக்கு உட்பட்ட ஒரு தரப்பு என்பதை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டிருந்தது.

மற்றொன்று, வெளிநடப்பு செய்யும் உரிமை. 1992 ஜூனில் போய்பட்டாங் குடியிருப்பில் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது மண்டேலாவின் கட்சி அரசுடனான பேச்சுவார்த்தையிலிருந்து விலகியது. அமைதியைக் குலைக்கிறார்கள் என்ற பழி அவர்கள்மேல் விழாமல் இல்லை. ஆயினும் செப்டம்பரில் அரசு சில உறுதிமொழிகளை எழுத்தில் அளித்த பிறகே மேசைக்குத் திரும்பும் பாதை திறந்தது. நம் ஊர்களில் ஒரு தலித் பிரதிநிதி அமைதிக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறினால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள். ‘ஒத்துழைக்க மறுத்தவர்’ என்று குறிப்பு எழுதப்படும். அடுத்த பிணைப்பத்திரத்தில் அவர் பெயர் முதலில் இருக்கும். எழுந்து போக முடியாத மேசையில் நடப்பதை உரையாடல் என்று அழைக்க நமக்குத் தயக்கமுண்டு. 1932-இல் ஏரவாடா சிறையில் காந்தியின் உண்ணாநோன்பு முன்னிற்க அம்பேத்கர் ஒப்பமிட்ட பூனா ஒப்பந்தத்தையும் இவ்வகையில் சேர்த்தே நாம் வாசித்து வந்திருக்கிறோம்.

தென்னாப்பிரிக்க ஒப்பந்தம் கொலைகளை நிறுத்திவிடவில்லை. 1994 தேர்தல் வரை ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதை இலட்சியமாக்கி வழிபட வேண்டியதில்லை.

துனீசியாவின் கதை இன்னும் சிக்கலானது. 2013-இல் பிப்ரவரியிலும் ஜூலையிலும் இரண்டு இடதுசாரித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு பிளவின் விளிம்பில் நின்றது. அப்போது தேசிய உரையாடலைக் கூட்டியது அரசு அன்று. தொழிலாளர் பொதுச் சங்கம், தொழில் வணிகக் கூட்டமைப்பு, மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து கூட்டின. முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே பக்கத்தில் நின்று அரசியல் கட்சிகளை மேசைக்கு இழுத்தனர். வேலைநிறுத்தம் செய்யும் வலிமை தொழிற்சங்கத்துக்கு இருந்ததால் அந்த அழைப்பை எவராலும் புறக்கணிக்க முடியவில்லை. 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்பு பிறந்தது. 2015-இல் அந்த நால்வர் அணிக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் புரட்சி தொடங்கிய சிதி பூசித் போன்ற உள்நாட்டு வறிய பகுதிகளின் வேலையின்மை அந்த மேசையில் தீரவில்லை. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கயிஸ் சயீது நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் இறங்கி ஆர்ப்பரித்த கூட்டமும் இருந்தது. மேல்மட்டத்தில் நாகரிகமாக நடந்தேறிய உரையாடல் கீழே வயிற்றுக்கு வந்து சேரவில்லை என்றே நாம் அதைப் புரிந்துகொள்கிறோம்.

கமுதிக்குத் திரும்புவோம். எவற்றைப் பேச்சுவார்த்தைக்கு வைக்கலாம், எவற்றை வைக்கக் கூடாது என்னும் கேள்விக்கு இவ்வூரே பழைய சான்று. 1897-இல் நாடார் சமூகத்தவர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899-இல் மதுரை நீதிமன்றத்திலும் 1901-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் நாடார்கள் தோற்றனர். வழக்கத்தில் இல்லாத உரிமை உரிமையே அன்று என்றது பேரரசின் நீதி. நாடார் தரப்பு தங்களைச் சத்திரியர் என்று நிறுவ முயன்றது. சாதி வகுத்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு வாதிட்டால், நாம் மற்றவரினும் மேலானவர் என்று காட்டித்தான் உள்ளே செல்ல முடியும். அந்தக் கதவு திறந்தாலும் பின்னால் நிற்பவரின் முகத்தில் மூடிக்கொள்ளும். அன்று வாசலில் தடுக்கப்பட்ட சமூகம் ஐந்து, ஆறு பத்தாண்டுகளில் முதுகுளத்தூர் மேசையில் ஒரு தரப்பாக அமர்ந்ததற்கு அந்த வழக்கு காரணமன்று. மகமைப் பணமும் பள்ளிக்கூடங்களும் வணிகமும்தான் காரணம்.

1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பிறகு கோயில் நுழைவில் பேசித் தீர்க்க என்ன எஞ்சியிருக்கிறது? இருந்தும் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023-இல் நடந்தது பேச்சுவார்த்தைதான். பல சுற்றுகள் பேசியும் சாதி இந்துக்கள் இணங்கவில்லை. ஜூன் மாதம் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. நீதிமன்ற ஆணைகளுக்குப் பின் 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு உள்ளே சென்று வழிபட முடிந்தது. பூட்டு நடுநிலையானது என்று அதிகாரிகள் நம்புகிறார்கள். உரிமை உள்ளவனையும் அதைத் தடுத்தவனையும் ஒரே பூட்டு வெளியே நிறுத்துகிறதல்லவா என்பது அவர்கள் கணக்கு. தடுத்தவனுக்கு வேண்டியதும் அதுவே என்பதைக் காண அவர்களுக்கு மனமில்லை.

பேச்சுவார்த்தையே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. கமுதிக்கு அண்டையிலுள்ள விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் இதற்கு மாறான அனுபவத்தைத் தந்தன. 1996-இல் அந்நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கு வேட்பு மனுவே இல்லை, அல்லது வென்றவர் பதவியேற்ற கையோடு விலகினார். இதே ஒதுக்கீட்டின் பேரில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டது அனைவரின் மனத்திலும் இருந்தது. 2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியிலும் நீடித்தனர். மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகச் சென்று ஆதிக்கச் சாதியினரோடு பேசினார். ஆனால் தேர்தல் நடக்குமா, ஒதுக்கீடு இருக்குமா என்பவை அப்பேச்சின் பொருளாக இருக்கவில்லை. நடக்கும் தேர்தலை ஊர் எப்படி ஏற்பது என்பதே பொருள். அதற்குப் பின்னணியில் பத்தாண்டுக் காலம் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் நடத்திய போராட்டம் இருந்தது. அதன் பெருமையை ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்துக்கு மட்டும் எழுதிவைப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது.

தேர்தலில் வென்ற பிறகும் நாற்காலிச் சிக்கல் தீர்ந்ததில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. 1957-இல் கேட்கப்பட்ட அதே கேள்விதான் அந்தப் படத்திலும் இருந்தது.

இப்போதைய நிலை அதனினும் விந்தையானது. இராமநாதபுரம் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதற்கு முன்பு 2016 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே இல்லை. 2019-இல் வென்றவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலித் தலைவரைத் தரையில் உட்கார வைப்பது வன்கொடுமை. நாற்காலியையே எடுத்துச் சென்றுவிடுவதற்கு நம்மிடம் பெயர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இல்லாத ஊரில் அமைதிக் கூட்டத்துக்கு யார் அழைக்கப்படுவார்? சாதிச் சங்கத் தலைவர்தான். ஊராட்சி மக்களாட்சியைக் காலியாக்கிவிட்டுச் சாதி அமைப்புகளோடு மட்டும் அரசு பேசுவது, சாதியையே குடிமக்களின் ஒரே முகவரியாக்குகிறது. இது தலித் அமைப்புகளையும் உள்ளடக்கிய விமர்சனமே.

2011-ஐ இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் நினைவு நாளுக்கு இரு நாள் முன்பு கமுதி வட்டத்தின் பள்ளபச்சேரியைச் சேர்ந்த தலித் பள்ளி மாணவன் கொல்லப்பட்டான். பதற்றம் யாவரும் அறிந்தது. செப்டம்பர் 11 அன்று அஞ்சலி செலுத்த வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியன் வழியிலேயே தடுத்து வைக்கப்பட்டார். பரமக்குடி ஐந்துமுனையில் மக்கள் மறியல் செய்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் ஆறு பேர் உயிரிழந்தனர். நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் செப்டம்பர் தொடங்கி அக்டோபர் இறுதிவரை, பரமக்குடி நினைவு நாளுக்கும் பசும்பொன் குருபூசைக்கும் சேர்த்து, தடையுத்தரவுகளும் வாகனக் கட்டுப்பாடுகளும் மாவட்டத்தின் பருவநிலை போல் வந்து போகின்றன. எந்த வழியில் வண்டி வரலாம், எத்தனை மணிக்கு மாலை போடலாம் என்பதற்கு அமைதிக் கூட்டங்கள் உண்டு. அந்த ஆறு உயிர்களைப் பற்றிப் பேச ஒரு மேசையும் போடப்படவில்லை.

பேசப்படாத மற்றொன்று நிலம். 2016-இல் கமுதி வட்டத்தில் அதானி நிறுவனத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். ஓரிடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று அன்று கொண்டாடப்பட்டது. சூரிய மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன்னனுமதி தேவையில்லை. ஆகவே பொது விசாரணையும் இல்லை. நிலத்தைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கினால், பட்டா வைத்திருப்பவரோடு மட்டும் பேசினால் போதும். அந்த நிலத்தில் களை எடுத்தவர், ஆடு மேய்த்தவர், கருவேல விறகு வெட்டியவர் ஆகியோருக்கு அந்த வணிகத்தில் இடமே இல்லை. அவர்களுள் தலித்துகள் எத்தனை பேர் என்று எந்தக் கோப்பும் எண்ணிவைக்கவில்லை. மானாவாரி மண்ணில் இரத்தம் சிந்தினால் மட்டுமே ‘சமூக உரையாடல்’ நினைவுக்கு வருகிறது. கூலியும் மேய்ச்சலும் தண்ணீரும் பேச வேண்டிய பொருள்களாகக் கருதப்படுவதில்லை. துனீசிய மேசையில் எஞ்சிப்போன அதே பசிதான் இங்கும் வெளியே நிற்கிறது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்பது அரசின் ஏற்பாடு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடவே செய்கிறது. அதில் ஊரார் எழுந்து கேட்கலாம், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். சேரியிலிருந்து எத்தனை பேர் சென்று, எத்தனை பேர் பேசினர் என்பதை எழுதிவைக்கும் வேலையைக் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி வட்டங்களின் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் கருதுகிறோம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு நான்கு கேள்விகள். கடந்த நான்கு ஆண்டுகளில் மாவட்ட விழிக்கண் குழு எந்தெந்த நாட்களில் கூடியது? ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக. அதே காலத்தில் கமுதி வட்டத்தில் சாதி மோதல் தொடர்பாக எத்தனை அமைதிக் கூட்டங்கள் நடந்தன? அவற்றுள் எத்தனை நிகழ்வுகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வந்த பதில்களை, வராதவற்றின் மேல்முறையீட்டு மனுக்களோடு சேர்த்து, எங்களுக்கு அனுப்புங்கள்.